பிள்ளைக்காம்பராவுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவரும் அன்பர்களுக்கு

வணக்கம்.

தீபாவளிக்கு முன்னாலும் டிசம்பர் கடைசியிலும் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வரும். சில வருடம் இரண்டு வரும். கொழும்பில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், பழைய மாணவர் சங்கத்தார், கோயில் கமிட்டி, வெளிநாட்டில் இருந்து காசு சேர்த்து அனுப்பும் சொந்தங்கள், எப்போதாவது ஒரு கம்பனி. வேனிலிருந்து முதலில் பேனர் இறங்கும், அப்புறம் பெட்டிகள் இறங்கும். அந்த வேனில் வரும் உங்களுக்குத்தான் இந்த மடல்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அம்மாமார் வேலைக்குப் போகும் நேரத்தில், 17 வருடமாகப் பிள்ளை பார்க்கிறேன். வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று போர்டு இருக்கிறது. அம்மாமார் இன்றைக்கும் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நான் வளர்ந்ததும் அப்படி ஒரு காம்பராவில்தான். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சேலைத் தொட்டில் தொங்கும், ஒரு ஆயா இருப்பார், விளையாட்டுச் சாமான் என்று ஒன்றும் இருக்காது. இப்போது சாமான் இருக்கிறது. பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

"குறை சொல்வதாக நினைக்காதீர்கள்" என்று இந்த மாதிரிக் கடிதங்களில் எழுதுவார்கள். நான் கொஞ்சம் குறை சொல்லத்தான் போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த வேனில் 26 பெட்டிகள் இருந்தன. பெண் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுப் பாடும் பொம்மை, ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் சைரன் அடிக்கும் பொலிஸ் கார். எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். வேன் போனதும் எல்லாவற்றையும் ஒரே காம்பராவுக்குள் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொட்டிலில் இருந்த கைக்குழந்தைகள் நான்கும் ஒன்றாக அழுதன. பொம்மை பாடியது இங்கிலீஷ் அரிச்சுவடிப் பாட்டு. பொத்தானை அமுக்கினால் பாடும், திரும்ப அமுக்கினால் திரும்பப் பாடும். பிள்ளைக்கு அதில் செய்ய இருக்கிற வேலை அமுக்குவது மட்டும்தான்.

நாலாம் நாள் கார்களின் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. பேட்டரி வாங்க எந்த அம்மாவிடம் காசு இருக்கிறது? ஐந்தாம் நாள் காலை, இரண்டு வயதுகூட ஆகாத ஒரு குட்டி சுவரோரம் உட்கார்ந்து எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளையை முதலில் போய்ப் பார் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். விரலை விட்டு எடுத்தேன். சட்டைப் பொத்தான் மாதிரி, பளபளவென்று ஒரு பேட்டரி. பக்கத்தில் பொம்மை குப்புறக் கிடந்தது, முதுகு மூடி திறந்தபடி. மூடிக்குத் திருகாணி கிடையாது, ஒரு பிளாஸ்டிக் கொக்கி மட்டும்தான்.

இந்தப் பொத்தான் பேட்டரி என்ன செய்யும் என்று தெரியாமல்தான் வாங்கியிருப்பீர்கள். எனக்கும் அன்றைக்குச் சரியாகத் தெரியாது, அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விழுங்கினால் அது உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளலாம். எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, சதையைச் சுட்டுக்கொண்டே போகும். இரண்டே மணி நேரத்தில் பெரிய புண் ஆகிவிடலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரிதான் மிக மோசம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் டிவிஷனிலிருந்து லொறியோ ஓட்டோவோ பிடித்து, பள்ளம் விழுந்த தோட்டப் பாதையில் இறங்கி, பெரிய ரோட்டைப் பிடித்து, அங்கே போய்ச் சேர மழை நாளில் ஒன்றரை மணி நேரம். மிச்சம் இருப்பது அரை மணி. கொழும்பில் வாங்குகிற பொம்மைக்கு இந்தத் தூரம் தெரியாது. வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் விழுங்கவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மிச்சப் பொம்மைகள் எங்கே என்று கேட்பீர்கள். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கின்றன. எங்கள் காம்பராவில் அன்பளிப்பாக வரும் எல்லாச் சாமானும் புத்தகத்தில் ஏறும். உடைந்தால் எப்படி உடைந்தது என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால், போன வருடம் தந்தது எங்கே என்பார்கள். பூட்டி வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. வருகிறவர்களும், எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறார்கள். பூட்டியது வேறு யாரும் இல்லை, நான்தான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கண்ணாடியில் பிள்ளைகளின் மூக்குப் பட்ட தடத்தைச் சனிக்கிழமை தோறும் துடைத்ததும் நான்தான்.

அதனால் முதல் வேண்டுகோள் சாமானைப் பற்றியதே இல்லை, உங்கள் அன்பளிப்புக் கடிதத்தைப் பற்றியது. அதில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: 'இவை பிள்ளைகள் பாவித்து உடைவதற்காகத் தரப்படுகின்றன.' அந்த ஒரு வரி இருந்தால் அலுமாரியைத் திறந்துவிடுவேன்.

சரி, இனிச் சாமானுக்கு வருகிறேன். அதற்கு முன் பிள்ளைகள் தாங்களாக என்ன விளையாடுகிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். நாலு வயதுக்காரி ஒருத்தி இரண்டு சிரட்டையை நூலில் கட்டி (ஓட்டை போட்டுக் கொடுத்தது நான்), ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தராசு பிடித்தாள். எதிரே நாலு பேர், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, முதுகில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து புல்லைக் கொட்டினார்கள். அவள் குச்சியைத் தூக்கிப் பார்த்து, "பதினாலு. தண்ணிக்கு ரெண்டு கழிச்சாச்சு. பன்னெண்டு" என்று சொல்லிக் கடதாசியில் ஒரு கோடு கிழித்தாள். மூன்றாவதாக நின்ற பையன் சண்டைக்கு வந்துவிட்டான். "ஏன் கழிக்கிற?" "மழ பேஞ்சிச்சில்ல, எல எல்லாம் ஈரம்." "அப்ப ஒண்ணு மட்டும் கழி." கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, ஒண்ணு. யார்கிட்டயும் சொல்லாத."

இதில் என்ன இல்லை? கழித்தல் கணக்கு இருக்கிறது. எந்தப் பக்கம் பாரம் கூடினால் எந்தப் பக்கம் இறங்கும் என்ற அறிவு இருக்கிறது. தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கும் பொறுமை, பேசிச் சமாதானமாவது, இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துப் பார்ப்பது, எல்லாம் இருக்கிறது. கோடு கிழித்தது எழுத்துக்கு முன் படி. செலவு இரண்டு சிரட்டை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விருந்தாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுகளும் கொழுந்து பறிக்கத்தானா?" என்று கேட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. என் மகள் கொழுந்து மலைக்குப் போகக் கூடாது என்றுதான் நானும் வளர்த்தேன். ஆனால் பிள்ளை கண்ணால் கண்டதைத்தான் விளையாடும். கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிப்பதைப் பற்றி அம்மா சாயந்தரம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) புலம்புகிறாரே, அந்தக் கழிவு என்ன என்று அவள் தன் கையால் பிடித்துப் பார்க்கிறாள். விருந்தாளி ஒன்றைக் கவனிக்கவில்லை. அவள் கூடையைத் தூக்கவில்லை, தராசைத்தான் பிடித்திருந்தாள்.

இந்த மாதிரி விளையாட்டுக்குச் சாமான் வேண்டாமா என்றால், வேண்டும். சிரட்டை, பழைய துவாய், காலிப் பால்மா டின், மூடிகள், உடைந்த தொலைபேசி, அம்மாவின் பழைய கைப்பை. பழசாக இருந்தாலும் கழுவிக் காயவைத்த ஒரு சாக்கு நிறைய இவற்றைக் கொண்டுவந்தால் எங்களுக்கு ஆறு மாதம் ஓடும். உரச் சாக்கும் பூச்சிமருந்துப் போத்தலும் மட்டும் வேண்டாம், எத்தனை தடவை கழுவியிருந்தாலும்.

வெறும் ஆசையில் சொல்கிறேன் என்று நினைக்காமல் இருக்க ஜமேக்கா கதையைச் சொல்கிறேன். 1980களின் நடுவில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 129 குழந்தைகளை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லாம் 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரையான, வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாத குழந்தைகள். ஒரு பகுதிக்குச் சத்துணவு கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளுக்குச் சாதாரண சுகாதார உதவியாளப் பெண்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போய், அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்து விளையாடக் காட்டினார்கள். ஒரு பகுதிக்கு இரண்டும். மீதிப் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தது. கொண்டுபோன விளையாட்டுச் சாமான் எல்லாம் வீட்டில் கிடக்கும் பொருளில் கையால் செய்தவை. அடுத்த வாரம் வரும்போது அதை வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கொடுப்பார்கள். 20 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுக் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகத் திரிபோஷச் சத்துமாவை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் மிட்வைப் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? 2016இல் இலங்கை முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். ஜமேக்காவில் எடுத்த பிள்ளைகளைப் போன்றவர்கள்தான் எங்கள் காம்பராவில் மூன்றில் ஒருவர்.

அந்தக் கதையில் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அதை விட்டுவிட வேண்டாம். பேசுகிற, பாடுகிற, வெளிச்சம் போடுகிற பொம்மைகளில் எனக்கு உள்ள பெரிய வழக்கே அதுதான். 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு, 10 மாதத்திலிருந்து 16 மாதம் வரையான 26 குழந்தைகளை அவரவர் பெற்றோரோடு வைத்துப் பார்த்தது. சத்தம் போடும் பொம்மை கையில் இருந்தபோது பெற்றவர்கள் பேசிய சொற்கள் குறைந்தன. படப் புத்தகம் இருந்தபோது மிக அதிகம் பேசினார்கள். மரக்கட்டை, பஸ்ஸல் (துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டு) மாதிரிச் சாதாரணச் சாமான் இடையில் நின்றது. பொம்மை பேசினால் அம்மா வாயை மூடிக்கொள்கிறார். எங்கள் அம்மாமார் காலை பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், சாயந்தரம் வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையோடு பேச மிஞ்சுவதே கொஞ்ச நேரம். அதையும் பேட்டரிக்குக் கொடுத்துவிட வேண்டாம். கைத்தொலைபேசிக்கும் இதே பதில்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இதை அம்மாமாரிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும். சோறு கொதிக்கும்வரை பிள்ளையை வேறு எதில் உட்கார வைப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இருக்க வேண்டுமே.

அப்படிக் கையில் வைத்துக்கொள்ளத்தான் மரக்கட்டைகள் கேட்கிறேன். நூறு வருடத்துக்கு முன் நியூயோர்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை செய்த அளவுதான் இன்றைக்கும் நல்ல அளவு: ஐந்தரை அங்குல நீளம், அதில் பாதி அகலம், அகலத்தில் பாதி கனம். அப்புறம் அதே கட்டையின் பாதி, அதே கட்டையின் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கு இருப்பதால் இரண்டு சின்னது வைத்தால் ஒரு பெரியதுக்குச் சரியாக வரும்; யாரும் சொல்லாமலே பிள்ளைக்குப் பாதி என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்துவிடும். எங்களிடம் இருப்பது 60 கட்டை. தோட்டத்தில் விழுந்த சவுக்கு மரத்தில், தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்துத் தந்தார். விளிம்பைத் தேய்த்தது நானும் மூன்று அம்மாமாரும். சாயம் அடிக்கவில்லை. மலிவான சாயத்தில் ஈயம் இருக்கலாம், இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். ஒன்றரை வயதுப் பிள்ளை அதில் இரண்டைத் தட்டிச் சத்தம் கேட்கும். இரண்டு வயதில் அடுக்கித் தள்ளிவிடும். மூன்றில் வரிசையாக வைத்து ரயில். ஐந்தில் கூரையும் வாசலும் கோயிலும் வந்துவிடும். போன மாதம் ஒருவன் ஒன்பது வளைவுப் பாலம் கட்டுகிறேன் என்று தொடங்கி மூன்று வளைவோடு கட்டை தீர்ந்துபோய், "மிச்சம் பனியில மறஞ்சிருக்கு" என்றான். ஒரு பொலிஸ் காரின் காசில் எத்தனை கட்டை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பந்து கொண்டுவருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் இது மலை. எங்கள் வாசலில் பந்தைத் தவறவிட்டால் அது கானில் (வடிகாலில்) விழும், கானில் விழாவிட்டால் கீழ் லயத்துக்குப் போகும். பிள்ளை பின்னாலேயே ஓடும். எங்களுக்குத் துணிப் பந்துதான் சரி. பழைய காலுறைக்குள் துணியை அடைத்துத் தைத்தால் போட்ட இடத்தில் கிடக்கும், பிடிப்பதற்கும் சின்னக் கைக்கு வசதி. மூன்று சில்லுச் சைக்கிளும் அப்படியே. ஓட்டுவதற்கு எங்களிடம் சமதரை எங்கே? லயத்து வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் அடுப்பும் கட்டிலும் போக மிச்சமுள்ள இடத்தில் எது விரியும் என்று பார்த்து வாங்குங்கள். சமதரை இல்லையே தவிர ஏறுவதற்கும் தாவுவதற்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் குறையில்லை. ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்பார்கள்; வெயில் நாளில் அதைப் பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள். கஷ்டம் மே மாதம் தொடங்கும் மழைக்காலம்தான். வாரக் கணக்கில் உள்ளேயே கிடக்கிறார்கள். அந்த மாதங்களுக்கு ஒரு தடித்த கயிறு, இரண்டு பழைய மெத்தை, ஊர்ந்து போக ஒரு துணிக் குகை, இவ்வளவு இருந்தால் போதும்.

பஸ்ஸல் நல்லது. இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடையில் அதை விளையாடிய பிள்ளைகள், எந்த உருவத்தை எப்படித் திருப்பினால் எங்கே பொருந்தும் என்று மனதுக்குள் பார்ப்பதில் பிற்பாடு நன்றாக இருந்ததாகச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆனால் நீங்கள் கொண்டுவரும் பஸ்ஸலில் பனிக்கரடி இருக்கிறது, சறுக்கு வண்டி இருக்கிறது. பெயர் சொல்லிப் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை. காலண்டர் படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டினால் போதும். மூன்று வயதுக்கு நாலு துண்டு, கெட்டிக்காரர்களுக்குப் பன்னிரண்டு. எங்கள் ஆயாம்மா சாமி படத்தில் கத்தரிக்கோல் வைக்க விடவே மாட்டார், முருகனைத் துண்டு போடுவதா என்பார். ஆகவே ரயில், அருவி, யானை உள்ள காலண்டராகப் பார்த்து எடுத்து வையுங்கள்.

இனிக் கணக்கு. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் இப்போது மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் நீங்களும் எண் அட்டை, ஏபிசிடி அட்டை, எழுதிப் பழகும் கொப்பி என்று கொண்டுவருகிறீர்கள்; அம்மாமாருக்கும் அதுதான் பிடிக்கிறது. பென்சிலைப் பிடிக்கவே விரலில் பலம் இல்லாத பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து என்ன செய்ய? களிமண் பிசையட்டும், மாவு உருட்டட்டும், துணி உலர்த்தும் கிளிப்பைத் திறந்து மூடட்டும், மொக்கைக் கத்தரிக்கோலால் வாழை இலையைக் கண்டபடி வெட்டட்டும். அப்புறம் பென்சில் தானாக வரும்.

எண்ணுக்கு நான் செய்வது இதுதான். சிமெண்டுத் தரையில் சோக்கட்டியால் ஒரே வரிசையில் பத்துக் கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக ஒன்று முதல் பத்து எழுதுவேன். ஒரு சுழலட்டையில் ஒன்றும் இரண்டும் மட்டும் இருக்கும். சுற்றி, வந்த எண்ணுக்கு ஏற்பக் காயை நகர்த்த வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். காய் மூன்றில் நின்று, இரண்டு விழுந்தால், "நாலு, அஞ்சு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ரொபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். கால் மணி நேரமளவில், இரண்டு வாரத்தில் நாலே தடவை விளையாடியதில் எந்த எண் பெரியது, எது எங்கே இருக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெளிந்தது. அதே கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நிறம் போட்டு விளையாடியவர்களுக்கு அது வரவில்லை. செலவு ஒரு சோக்கட்டி.

நம் பாட்டிமார் பல்லாங்குழியில் செய்ததும் இதற்குச் சொந்தக்காரிதான். எங்கள் ஆயாம்மா மழை விட்ட நேரத்தில் முற்றத்து மண்ணில் குழி பறித்து, தேயிலைக் கொட்டையைப் போட்டு ஐந்து வயதுக்காரர்களோடு விளையாடுவார். ஒரு குழியில் எத்தனை கொட்டை என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கொட்டை சின்னப் பிள்ளைகள் பக்கம் போகக் கூடாது. அதற்கு எங்களிடம் ஒரு சோதனை உண்டு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் சாமானைச் சோதிக்கும் இடங்களில் 3.17 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்களாம். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது. நாங்கள் தண்ணீர் வேலை செய்தபோது மிஞ்சிய ஒன்றேகால் அங்குலப் பைப்பில் ஒரு சாண் வெட்டி வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். அது கொஞ்சம் அகலம் கூட, அது நல்லதுதான். அதற்குள் விழுவது எதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் பாயில் இருக்காது. கடைக்குப் போகும்போது நீங்களும் ஒரு துண்டு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எவ்வளவு கொண்டுவருவது? குறைவாக. ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தடவை நாலு சாமானும் இன்னொரு தடவை பதினாறு சாமானும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் இருந்து, விதம்விதமாக விளையாடினார்கள். நீங்கள் நாற்பது கொண்டுவந்தால் முப்பதை ஒளித்து வைத்து மாதாமாதம் மாற்றத்தான் போகிறேன். பக்கத்து மூன்று டிவிஷன் காம்பராக்களும் சேர்ந்து ஒரு பெட்டியைச் சுற்றுக்கு விட்டால் இன்னும் நல்லது. அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவர மாதம் ஒரு முறை ஓட்டோவுக்குக் காசு தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது அந்த 26 பெட்டியைவிடப் பெரிய உதவி.

துப்பாக்கியைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக் கடைகளில் தொங்குவதையே பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள், நீங்களும் கொண்டுவர வேண்டாம். அதே மாதிரி ஆண் பிள்ளைக்குக் கார், பெண் பிள்ளைக்குப் பொம்மை என்று பெயர் ஒட்டி வராதீர்கள். போன வாரம் ஒருவன் துணிப் பொம்மையைச் சேலைத் தொட்டிலில் போட்டு அரை மணி நேரம் ஆட்டினான். அவனுடைய தம்பி பிறந்து மூன்று வாரம்.

நம் ஊரில் எல்லா முன்பள்ளியையும் மொண்டிசோரி என்கிறோம், அந்தப் பெயருக்குரிய அம்மா எங்கே தொடங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. 1907இல் ரோமில், கூலிக் குடும்பங்கள் நெருக்கியடித்து இருந்த ஒரு கட்டிடத்தில். பெற்றவர்கள் வேலைக்குப் போனபின் சுவரைக் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகளை ஒரு காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்ள. அதாவது ஒரு பிள்ளைக்காம்பராவில்தான். நல்ல விலையுள்ள பொம்மைகளும் அங்கே இருந்தன. பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டுக் கையால் எடுத்துப் பொருத்தி அடுக்கும் சாமானுக்கே போனதை அவர் கவனித்தார். எங்கள் அலுமாரிச் சாவியை நினைக்கும்போது எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம் வரும்.

காசைப் பற்றிக் கேட்பது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். சாமானுக்கு ஒதுக்கியதில் பாதிக்கு மட்டும் சாமான் வாங்குங்கள். மற்றப் பாதியில் அம்மாமாருக்கு அரை நாள் சம்பளம் கொடுங்கள். நிர்வாகத்தோடு பேசி, மாதத்தில் ஒரு தடவை பத்து அம்மாமார் அரை நாள் மலைக்குப் போகாமல் காம்பராவுக்கு வந்து, தங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து, காலுறைப் பந்து தைத்து, அட்டை வெட்டி, செய்ததை லயத்துக்கு எடுத்துப்போகட்டும். சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று அவர்களிடம் என்னால் கேட்க முடியாது. இப்படி ஒன்றைப் பேனரில் எப்படிப் போடுவது என்று யோசிப்பீர்கள். பேனர் துணியையும் எங்களுக்கே தந்துவிடுங்கள், துணிக் குகைக்கு அளவு சரியாக இருக்கும்.

இந்த வருடம் வாங்கப் போகுமுன் ஒரு தடவை வேன் இல்லாமல் வாருங்கள். இரண்டு பேர் போதும். தரையில் உட்காரத் தோதான உடுப்பில் வாருங்கள், செருப்பை வெளியே விடுங்கள். தராசுக்காரி இந்த ஜனவரியில் பள்ளிக்கூடம் போய்விடுவாள், அதற்கு முன் வந்தால் உங்களையும் வரிசையில் நிற்க வைப்பாள். மழை பெய்திருந்தால் இரண்டு கழிப்பாள், பேசிப் பாருங்கள். பதினொரு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு சோறு, அப்புறம் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளை பார்க்கும் டீச்சர்